மாணவர் சஞ்சிகையில் எழுதி இதழியல் கற்றல்: மட்டக்களப்பு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் மாவட்டத்தில் வெளியாகும் மாணவர் சஞ்சிகை ஒன்றைக் கையில் எடுத்தால், முதற்பக்கங்களில் ஆசிச்செய்திகளும் வாழ்த்துரைகளும் இருக்கும். அவற்றைத் தாண்டினால் கவிதைகள், சூழல் மாசடைதல் பற்றியும் ஊடகங்களின் சமூகப் பொறுப்புப் பற்றியும் எழுதப்பட்ட கட்டுரைகள், ஒன்றிரண்டு சிறுகதைகள், கடைசியில் செயற்குழுவின் படம். ஒரு மாணவர் வகுப்பறையை விட்டு வெளியே போய், நான்கு பேரிடம் விசாரித்து, தன் கண்ணால் கண்டதை எழுதிய செய்தியறிக்கை அவற்றில் கிடைப்பது மிகவும் அரிது. இதழியலைக் கற்க விரும்புகிறவர் அந்த வெற்றிடத்தைத்தான் தமக்குரிய இடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கவிதை எழுதுகிறவர்கள் நம்மிடம் போதியளவு இருக்கிறார்கள்; போய்ப் பார்த்து எழுதுகிறவர்கள்தான் போதாது.

மாணவர் சஞ்சிகை இந்தப் பயிற்சிக்கு ஏற்றதாக இருப்பதற்கு அதன் சிறுமையே காரணம். தேசியப் பத்திரிகை ஒன்றில் தவறான பெயருடன் ஒரு செய்தி வந்தால், அதை எழுதியவர் யாரென்று வாசகருக்குத் தெரியாது. இங்கோ, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு பக்கத்து ஊரான செங்கலடிக் கடைக்காரரைப் பற்றி எழுதினால், மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரையே சந்திக்க நேரும். எழுதியதற்கு முகத்துக்கு நேரே பதில் சொல்ல வேண்டிய இந்த நிலை, எந்தப் பாடநூலும் தராத கவனத்தைத் தருகிறது.

சைக்கிளில் போகக்கூடிய விடயம்

முதல் அறிக்கைக்கு நான் எப்போதும் சொல்லும் அளவுகோல் ஒன்றுண்டு: சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்கு முன் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் அந்த விடயம் இருக்க வேண்டும். உலக வெப்பமாதல் பற்றி நீங்கள் எழுதினால் அதில் உங்களுடையதாக ஒரு வரிகூட இருக்காது. மாரி காலத்தில் வாவியின் நீர்மட்டம் உயர்ந்து தாழ்நிலங்களில் வெள்ளம் நிற்கும்போது, வெள்ளத்தைக் கடலுக்கு விட ஆற்றுவாய் வெட்டுவதா வேண்டாமா என்று கமக்காரரும் மீன்பிடிப்போரும் ஏன் வேறுவேறாகப் பேசுகிறார்கள் என்று எழுதினால், முழுவதும் உங்களுடையதாக இருக்கும். விடுதியில் குடிநீர் வடிகட்டி எத்தனை நாட்களாகப் பழுதாகிக் கிடக்கிறது, சிற்றுண்டிச்சாலையில் சோற்றுப் பொதியின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள், பெரும்போக அறுவடை நாட்களில் எந்தெந்த வகுப்புகளில் வரவு குறைகிறது, வயலுக்குள் யானை வந்த கிராமத்துப் பிள்ளைகள் மாலை வகுப்பை விட்டு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டியிருக்கிறது என்று தேடத் தொடங்கினால் விடயங்களுக்குப் பஞ்சமே இல்லை.

விடயம் கிடைத்ததும் அதைக் கேள்வியாக மாற்ற வேண்டும். 'படுவான்கரையின் போக்குவரத்துப் பிரச்சினை' என்பது வெறும் தலைப்பு (வாவிக்கு மேற்கே உள்ள பகுதியைப் படுவான்கரை என்றும் கிழக்கே உள்ளதை எழுவான்கரை என்றும் சொல்வோம்). அதை வைத்துக்கொண்டு யாரிடமும் போய் எதையும் கேட்க முடியாது. 'படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு வந்து படிக்கும் உயர்தர மாணவி ஒருத்தி ஏன் வாரத்தில் இரண்டு நாட்கள் முதலாம் பாடத்தைத் தவறவிடுகிறாள்?' என்பது கேள்வி. அந்தக் கேள்வியே நீங்கள் எங்கே போக வேண்டும், யாரைச் சந்திக்க வேண்டும், எதை எண்ண வேண்டும் என்று சொல்லிவிடும். இதழாசிரியரிடம் போகும்போதும் கேள்வியோடு போங்கள். நான் எதைத் தேடுகிறேன், யாரிடம் கேட்கப் போகிறேன், எப்போது தருவேன் என்ற மூன்று வாக்கியங்கள் போதும். அந்த மூன்றையும் எழுத முடியாவிட்டால், விடயம் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

இதே விடயத்தை முன்னர் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு அரைநாள் ஒதுக்குங்கள். பொது நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டலாம். 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்துச் சஞ்சிகைகளும் பாடசாலை மலர்களும் ஏராளமாகச் சேர்க்கப்பட்டுள்ளன, அவற்றைக் கட்டணமின்றி வாசிக்கலாம்.

போய் நின்று பார்த்தல், கேட்டல்

வாவியைக் கடக்கும் படகுப் பாதையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்; ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கரைக்குக் கரை போகும் மிதவையைத்தான் இங்கே 'பாதை' என்கிறோம். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும் மக்கள் நெடுங்காலமாக அப்படித்தான் வாவியைக் கடந்து வந்திருக்கிறார்கள். ஒரு துறையைப் பற்றி எழுதப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, யாரிடமும் எதுவும் கேட்காமல், காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை கரையில் நின்று பார்ப்பதுதான். பாதை எத்தனை முறை வந்து போகிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் ஏறுகிறார்கள், அவர்களில் பாடசாலைச் சீருடையில் இருப்பவர்கள் எத்தனை பேர், மோட்டார் சைக்கிள்கள் எத்தனை, ஒருவர் வந்து சேர்ந்ததிலிருந்து ஏறும்வரை எத்தனை நிமிடங்கள் காத்திருக்கிறார் என்பவற்றையெல்லாம் குறிப்புப் புத்தகத்தில் நேரத்தோடு கோடு போட்டு எழுத வேண்டும். இரண்டு மணித்தியாலம் நின்று எண்ணியவருக்கு, அதன்பின் யார் எதைச் சொன்னாலும் அது பொருந்துகிறதா என்று பார்க்கத் தன்னிடமே ஓர் அளவு இருக்கும். ஒரு நாள் எண்ணியதை ஒரு நாளின் கணக்கு என்றே எழுத வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. திங்கட்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கலாம்.

அதன்பிறகு மூன்று வகையினரிடம் போக வேண்டும்: அந்த நிலையை நாளாந்தம் அனுபவிப்பவர், அதற்குப் பொறுப்பானவர், அதைப் பற்றிய பதிவை வைத்திருப்பவர். மாணவர்கள் பெரும்பாலும் முதலாமவரோடு நின்றுவிடுகிறார்கள். பயணிகள் ஐந்து பேரிடம் கேட்டால் ஒரே குறையை ஐந்து விதமாகச் சொல்வார்கள். அறிக்கை நீளும், ஆனால் வாசகருக்குப் புதிதாக எதுவும் தெரியவராது. பாதையைச் செலுத்துபவரிடம் ஒரு மணித்தியாலம் பேசினால், காற்று எந்த மாதத்தில் எப்படி வீசும், இயந்திரம் பழுதானால் யாருக்கு அறிவிப்பது, பயணிகள் தம்மை ஏன் ஏசுகிறார்கள் என்றெல்லாம் சொல்வார். குறை சொல்லப்படுகிறவரிடம் போய்க் கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தைக் கடப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி.

பேசும் முறையில் நம் ஊர்கள் தரும் உரிமையைப் பயன்படுத்துங்கள். கொக்கட்டிச்சோலையில் ஒரு கமக்காரரை 'ஐயா' என்றோ 'அண்ணன்' என்றோ, காத்தான்குடியில் ஒரு கடைக்காரரை 'காக்கா' என்றோ அழைத்து, நான் இன்ன சஞ்சிகைக்காக வந்திருக்கிறேன், நீங்கள் சொல்வது உங்கள் பெயரோடு அச்சில் வரும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பெயர் வேண்டாம் என்றால் அதற்கான காரணத்தைக் கேட்டு ஆசிரியருக்குச் சொல்லுங்கள். ஆசிரியருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும். தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்வதானால் அனுமதி கேளுங்கள், ஆனாலும் கையால் எழுதுவதை நிறுத்தாதீர்கள். மின்கலம் தீர்ந்த தொலைபேசியோடு திரும்பி வந்த மாணவர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள். ஒரு சந்தையைப் பற்றி, ஒரு வீதியைப் பற்றி எழுதும்போது ஓர் ஊரில் மட்டும் கேட்டுவிட்டு எழுதுவது பாதிச் செய்திதான்.

ஒருவர் சொன்னதை மேற்கோளாகத் தரும்போது அவருடைய வாயிலிருந்து வந்ததையே தர வேண்டும். நம் மாணவர்கள் இதில் செய்யும் தவறு ஒன்று எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருவது. 'மறுகா என்ன செய்யிற, தோணியிலதான் போற' என்று ஒரு பெரியவர் சொன்னதை, 'அதன் பின்னர் வேறு மார்க்கமின்றித் தோணியிலேயே பயணித்தோம்' என்று மாற்றி, மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுகிறார்கள். அப்படி அவர் சொல்லவே இல்லை. ஒன்றில் அவர் பேசியவாறே எழுதுங்கள், அல்லது மேற்கோள் குறியை எடுத்துவிட்டு உங்கள் சொற்களில் எழுதுங்கள். 'மறுகா' என்ற சொல் அச்சில் வருவதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த மண்ணின் குரலை அச்சில் கேட்க வேறு வழியும் இல்லை.

பெயர்கள் இன்னொரு பெரிய விடயம். சந்திப்பு முடிந்து எழும்பும்போது, குறிப்புப் புத்தகத்தையும் பேனாவையும் அவரிடமே கொடுத்து, பெயரை அவர் வழமையாக எழுதுவது போல எழுதித் தரச் சொல்லுங்கள். முதலெழுத்து 'க.' என்பதா 'கே.' என்பதா, முகம்மது என்பதா முஹம்மத் என்பதா மொஹமட் என்பதா என்பதை நீங்கள் ஊகிக்க முடியாது. எழுத முடியாதவராக இருந்தால் நீங்கள் எழுதி, அவருடைய பிள்ளையிடமோ பக்கத்தில் நிற்பவரிடமோ வாசித்துக் காட்டுங்கள்.

அரச அலுவலகங்களுக்குப் போகும்போது பொறுமை வேண்டும். கச்சேரியிலோ பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ உள்ள உத்தியோகத்தர்கள் ஊடகங்களுக்குத் தகவல் வழங்குவதைத் தாபன விதிக்கோவை கட்டுப்படுத்துகிறது என்பதால், 'என் பெயரைப் போடாதீங்க தம்பி' என்று அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அங்கேதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவுகிறது. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கும் இச்சட்டத்தின்படி, பிரசை ஒருவர் அரச நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா மறுப்பதா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுக்கப்பட்டால், அந்த நிறுவனத்திலேயே மேன்முறையீட்டுக்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையிடலாம். அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. அரச பல்கலைக்கழகங்களும் இதற்குள் அடங்கும் என்பதால் விடுதிக் குடிநீரைப் பற்றியும் கேட்கலாம். கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். 'படகுச் சேவை பற்றிய சகல விபரங்களையும் தருக' என்றால் ஒன்றும் வராது. 'இன்ன துறையின் படகுப் பாதையைத் திருத்துவதற்குக் கடந்த இரு வருடங்களிலும் செலவிடப்பட்ட தொகை எவ்வளவு, திருத்தம் நடந்த திகதிகள் எவை' என்றால் பதில் வந்தே ஆக வேண்டும். சஞ்சிகை தவணைக்கு ஒருமுறைதான் வெளிவருகிறது என்பது இங்கே உங்களுக்கு அனுகூலம். நாளாந்தப் பத்திரிகையில் வேலை செய்பவருக்கு இந்தக் காத்திருப்புக் கிடைப்பதில்லை.

எழுதும்போது

திரும்பி வந்த அன்றிரவே எழுதத் தொடங்குங்கள். முதற்பந்தியில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். என்னிடம் திருத்தத்துக்கு வரும் அறிக்கைகளில் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கண்டிருப்பேன் என்று சொல்ல முடியாது: 'போக்குவரத்து வசதியின்மையால் மாணவர்கள் பல்வேறு இன்னல்களுக்கு முகங்கொடுத்து வருகின்றமை குறிப்பிடத்தக்கது.' எந்த மாணவர், எந்த இன்னல், எந்த நாள் என்று எதுவும் இதில் இல்லை. எந்த மாவட்டத்துக்கும் எந்த ஆண்டுக்கும் இது பொருந்தும். கற்பனையாக ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்: 'செவ்வாய்க்கிழமை காலை 6.40க்குத் துறைக்கு வந்த பதினேழு மாணவர்களில் ஆறு பேருக்கு முதலாவது பாதையில் இடம் கிடைக்கவில்லை. அடுத்தது வர இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. அவர்கள் பாடசாலையை அடைந்தபோது கணித பாடம் முடிந்திருந்தது.' இன்னல் என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் வாசகர் அந்தக் கரையில் நிற்கிறார். கரையில் எண்ணிய எண்களின் பயன் இப்போது தெரிந்திருக்கும்.

'முகங்கொடுத்தல்', 'குறிப்பிடத்தக்கது', 'மக்கள் விசனம் தெரிவிக்கின்றனர்', 'உரிய அதிகாரிகள் கவனம் எடுப்பார்களா?' ஆகிய நான்கையும் உங்கள் எழுத்திலிருந்து ஒரு வருடத்துக்கு விலக்கி வைத்துப் பாருங்கள். கடைசியில் சொன்ன கேள்வியோடு அறிக்கையை முடிக்கும் பழக்கம் நம் பிரதேசச் செய்திகளில் வேரூன்றியிருக்கிறது. உரிய அதிகாரியிடம் நீங்களே போய்க் கேட்டிருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இருக்காது. அவர் பதில் தந்தாரா, தர மறுத்தாரா, இத்தனை தடவை அழைத்தும் கிடைக்கவில்லையா என்பதை அப்படியே எழுதுங்கள்.

எழுதி முடித்தபின் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் பென்சிலால் அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்: நான் கண்டது, இன்னார் சொன்னது, இன்ன கடிதத்தில் உள்ளது. எதுவும் குறிக்க முடியாத வாக்கியம் எதுவோ அது ஊகம், வெட்டிவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கொண்டு போனாலும், பிற்காலத்தில் எந்தச் செய்தி அறையிலும் உங்களுக்கு மதிப்பு இருக்கும். அளவைப் பொறுத்தவரை, முதல் அறிக்கைக்கு அறுநூறு சொற்கள் போதும்.

அச்சகத்துக்குப் போகுமுன்

மாணவர் சஞ்சிகையில் எழுதுகிறவர் எழுத்தோடு நின்றுவிடாமல், ஒருமுறையாவது அச்சகம் வரை போக வேண்டும். நம் அச்சகங்களில் இன்றும் யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் பக்கம் அமைப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் யுனிகோடில் தட்டச்சுச் செய்து அனுப்பியது மாற்றப்படும்போது கிரந்த எழுத்துகளும் குறியீடுகளும் சிதைந்துபோவதுண்டு. முஸ்லிம் பெயர்களில் ஹ, ஜ, ஷ, ஸ அதிகம் என்பதால், முதலில் அடிபடுவது அந்தப் பெயர்கள்தான். ஆகவே பெயர்கள், எண்கள், திகதிகள் ஆகியவற்றை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டு போய், அச்சுப்பிரதியோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் பார்ப்பது இன்னும் நல்லது. நடுவில் கம்பி அடிக்கும் சஞ்சிகையின் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகவே இருக்க முடியும் என்பதால், கடைசி நேரத்தில் ஒரு பக்கம் கூடினால் யாருடைய எழுத்தாவது வெட்டப்படும். அது உங்களுடையதாக இருந்தால், எங்கே வெட்டலாம் என்று நீங்களே சொல்லத் தயாராகப் போங்கள்.

ஊர்ப் பெயர்களுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். களுவாஞ்சிகுடியா களுவாஞ்சிக்குடியா, குருமண்வெளியா குறுமண்வெளியா என்று ஒரே இதழில் இரண்டு விதமாக வருவது, எழுதியவர் அந்த ஊருக்குப் போகவில்லையோ என்ற ஐயத்தை ஊரவருக்குத் தரும். ஆசிரியர் குழு கூடி ஒரு தாளில் முடிவை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும், அவதூறுக்காக நட்டஈடு கோரிக் குடியியல் வழக்குத் தொடர இன்றும் முடியும். மாணவர் என்பதற்காக விலக்கு இல்லை. பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரை அடையாளம் காட்டும் எதையும் அச்சிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். சிறுவர்களின் படத்தைப் பெற்றோரின் சம்மதமின்றிப் போடாதீர்கள்.

இந்த மாவட்டத்தில் இதழியல் பழகுகிறவர் அறிந்திருக்க வேண்டிய இரண்டு பெயர்களையும் இங்கே சொல்ல வேண்டும். வீரகேசரி நாளிதழில் எழுதிய ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பில், வேலைக்குச் செல்லும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்த ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28 அன்று இரவு கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார். மாணவர் ஒருவர் தம்மை ஆபத்துக்குள் தள்ளிக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மணல் அகழ்வு, காணிப் பிணக்கு போன்ற விடயங்களில் தனியே போகாமல் இருவராகப் போவதும், எங்கே போகிறோம் என்று பொறுப்பாசிரியரிடமோ விரிவுரையாளரிடமோ சொல்லிவிட்டுப் போவதும், யாராவது மிரட்டினால் அதை மறைக்காமல் அன்றே ஆசிரியர் குழுவுக்குச் சொல்வதும் கட்டாயம் கைக்கொள்ள வேண்டியவை.

இதழ் வந்த பிறகு

என் முதல் அறிக்கை வெளிவந்தபோது நான் இரண்டாம் வருட மாணவன். மேலே சொன்னது போன்ற ஒரு துறையைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். மாலையில் கடைசிப் பாதை ஆறு மணிக்கு என்று ஒரு பயணி சொன்னதை, செலுத்துபவரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமலே எழுதிவிட்டேன். இதழ் வந்த மகிழ்ச்சியில் ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரியின் கீழே வைத்து, இரண்டு பக்கங்களையும் மெதுவாக வாசித்தார். பிறகு அந்த ஒரு வரிக்குத் திரும்பி வந்து, 'தம்பி, ஆறு மணிக்கு நான் எந்த நாளும் நிப்பாட்டின இல்ல. கடைசி டியூசன் பிள்ளை வரும்வரைக்கும் நிக்கிற' என்றார். கோபம் அவருடைய குரலில் இல்லை. இரவு ஏழு மணியானாலும் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த மனிதரைப் பற்றி, ஆறு மணிக்கே கடையைக் கட்டுகிறவர் போல நான் எழுதியிருந்தேன். அந்த அறிக்கையிலேயே மிகச் சிறந்த செய்தி அதுதான். அதைக் கேட்காமல் விட்டவன் நான்.

அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னபோது, மாணவர் சஞ்சிகைக்கு அதெல்லாம் எதற்கு என்றார்கள். நான் வற்புறுத்தினேன், மூன்றாம் பக்கத்தில் நான்கு வரியில் வந்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: எது தவறாக வந்தது, எது சரி, இரண்டையும் சுற்றிவளைக்காமல் எழுதி, முதல் அறிக்கையை வாசித்தவர்களின் கண்ணில் படும் இடத்தில் போடுங்கள். அறிக்கையில் பெயர் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பாமல் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, இதில் எது பிழை, எதை நான் கேட்காமல் விட்டேன் என்று கேளுங்கள். குறிப்புப் புத்தகம் அப்போதும் கையில் இருக்கட்டும்.